துணி எங்கே காத்திருக்கிறது? திருப்பூர் பின்னலாடை உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பின்னலாடை நிறுவன உரிமையாளர்களுக்கும், கூலிக்கு வேலை செய்து தரும் ஜாப் ஒர்க் பட்டறை நடத்துகிறவர்களுக்கும், தொழில் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

22 ஆண்டுகளாக இந்த ஊர்த் தையல் தளங்களில் வேலை பார்க்கிறேன். ஓவர்லாக் மெஷின் பக்கத்தில் ஸ்டாப்வாட்சுடன் நின்று, ஒரு தோள் மூட்டுக்கு எத்தனை நொடி ஆகிறது என்று குறித்ததுதான் என் முதல் வேலை. பிறகு லைன் அமைத்தேன், கட்டிங் மேசைகளை இடம் மாற்றினேன், டொயோட்டாவில் பிறந்து ‘லீன்’ என்ற பெயரில் உலகெங்கும் பரவிய, விரயத்தைக் குறைக்கும் முறையைச் சூப்பர்வைசர்களுக்குக் கற்றுக்கொடுத்தேன். உங்களில் பலருடைய தளங்களில் ஷிப்மெண்டுக்கு முந்தைய இரவு விடியும்வரை உங்களோடு நின்றிருக்கிறேன். அந்த உரிமையில் ஒன்றைச் சொல்கிறேன். செயல்முறையை மேம்படுத்துகிறோம் என்று நாம் போடும் உழைப்பில் பெரும்பகுதி, துணி காத்திருக்காத இடத்திலேயே செலவாகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்தில் ஆறு மாதம் தங்கி வேலை செய்தேன். லைன்களைச் சமன் செய்தோம், மெஷின்களுக்கு இடையே குவிந்த பண்டல்களைக் குறைத்தோம், தையல் தளம் கண்ணுக்குத் தெரிய வேகமானது. உரிமையாளர் மகிழ்ந்தார். அதே ஆறாவது மாதத்தில், தூத்துக்குடியில் கப்பல் ஏற வேண்டிய ஒரு பெரிய ஆர்டர் விமானத்தில் போனது. அந்தச் செலவு அவர் தலையில் விழுந்தது.

காரணம் என்னவென்று தேடினேன். உடல் துணி சாயமாகி, பிறகு சுருங்காமல் இருக்கப் பதப்படுத்தும் காம்பாக்டிங்கும் முடிந்து வந்திருந்தது. கழுத்துப் பட்டிக்கான ரிப் துணி வரவில்லை. ரிப் பின்னி வரத் தாமதமானதால் அதைத் தனி லாட்டாகச் சாயமேற்ற வேண்டியிருந்தது. சாயப்பட்டறைக்கு நேரில் போனேன். ரிப் சாயமேறாமல் கோராவாகவே கிடந்தது. பட்டறை நடத்துகிற அண்ணன் கோபப்படவில்லை. “மூன்று மாதமாகப் பில் நிற்கிறது, தம்பி. சனிக்கிழமை தவறாமல் பணம் தருகிறவர் லாட்டை முதலில் மெஷினில் போடாமல் நான் என்ன செய்வேன்?” என்று மட்டும் கேட்டார்.

திரும்பி வந்து அலுவலகத்தில் விசாரித்தேன். பில்லைக் கணக்குப் பிரிவு நிறுத்தி வைத்திருந்தது. முந்தைய லாட்டில் எடைக் குறைவு தொடர்பாக ஒரு தகராறு. ஃபேப்ரிக் மேனேஜர் குறிப்பு எழுதித் தந்தால் பணம் விடலாம் என்று அவர்கள் காத்திருந்தார்கள். ஃபேப்ரிக் மேனேஜரோ, எவ்வளவு எடைக் குறைவை ஏற்றுக்கொள்வது என்று முதலாளி சொல்லட்டும் என்று காத்திருந்தார். முதலாளி, ஆர்டர் கொடுக்கும் பையரைப் பார்க்க வெளிநாடு போயிருந்தார். ஷிப்மெண்ட் தேதிக்குப் பொறுப்பான மெர்ச்சண்டைசர் பெண்ணுக்கு இது எதுவுமே தெரியாது. அவர் தினமும் சாயப்பட்டறைக்குப் போன் செய்து “இன்று வருமா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இவர்களில் எவரும் வேலையில் அலட்சியமாக இருந்தவர் இல்லை. ஆனால் ஆறு மாதம் நான் அளந்த எந்த நொடியிலும் அந்தக் காத்திருப்பு அடங்கவில்லை. அது மெஷின்களுக்கு இடையே கிடக்கவில்லை. பொறுப்புகளுக்கு இடையே கிடந்தது. என் ஸ்டாப்வாட்ச் அங்கே போகவே இல்லை.

நம்மிடம் இரண்டு வகை நிபுணர்கள் தனித்தனியாக வந்து போகிறார்கள். ஒரு கூட்டம் என்னைப் போன்றவர்கள்: வேலை ஓடும் பாதையைப் பார்ப்போம், விரயத்தைக் குறைப்போம், தரத்தை நிலைப்படுத்துவோம். இன்னொரு கூட்டம் நிறுவனத்தின் அமைப்பை வரைகிறவர்கள்: யார் யாருக்குக் கீழே, எவருக்கு என்ன பொறுப்பு, எவர் கையெழுத்து எதற்கு. இரண்டாவது கூட்டம் வரைந்த படம் பெரும்பாலான நிறுவனங்களில் பையர் தணிக்கைக்காக வரவேற்பறைச் சுவரில் தொங்குகிறது. பெட்டிகள், கோடுகள், உச்சியில் நிர்வாக இயக்குநர். அந்தப் படத்தில் சாயப்பட்டறை இல்லை, பிரிண்டிங் பட்டறை இல்லை, எம்பிராய்டரிக்காரர் இல்லை. ஆனால் நம் ஆர்டர் பாதிக்கு மேற்பட்ட நாள்களை அவர்களிடம்தான் கழிக்கிறது. இந்த இரண்டு கூட்டத்தாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அவர்களை உட்கார வைக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

இதற்கான சிந்தனை புதிதில்லை. 1995-இல் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் எரிக் யூ என்பவர் தம் முனைவர் பட்ட ஆய்வில் இதைப் படமாக வரைய ஒரு முறையையே கொடுத்தார். வேலைமுறையை மாற்றி அமைப்பதென்றால், எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்ற வரிசை மட்டும் போதாது. அதில் இருப்பவர்களில் யார் யாரைச் சார்ந்திருக்கிறார், எதற்காகச் சார்ந்திருக்கிறார் என்பதையும் வரைய வேண்டும் என்றார். சார்பை நான்கு வகையாகப் பிரித்தார். ஒரு பொருளுக்காகவோ தகவலுக்காகவோ சார்ந்திருக்கலாம். ஒரு வேலையை இன்ன முறையில் செய்து தருவதற்காகச் சார்ந்திருக்கலாம். எப்படிச் செய்தாலும் சரி, முடிவு கிடைத்தால் போதும் என்று சார்ந்திருக்கலாம். நான்காவது வகையை எந்த அளவுகோலாலும் திட்டமாக அளக்க முடியாது. ‘போதுமான அளவுக்கு நன்றாக’ என்று மட்டுமே அதைச் சொல்ல முடியும்.

இந்த நான்கையும் நம் சாயப்பட்டறையோடு பொருத்திப் பாருங்கள். நிறமேறிய துணி வேண்டும், அது பொருள். பையர் ஒப்புதல் கொடுத்த ஷேடில், சொன்ன முறையில் சாயமேற வேண்டும், அது வேலை. பத்தாம் தேதிக்குள் கைக்கு வர வேண்டும், அது முடிவு. அவசரம் என்று போன் செய்தால் கைகொடுக்க வேண்டும், அது நான்காவது. இவையெல்லாம் நம்மிடமிருந்து பட்டறைக்குப் போகும் அம்புகள். இப்போது அம்பைத் திருப்பி வரையுங்கள். பட்டறைக்காரர் நம்மிடம் எதற்குச் சார்ந்திருக்கிறார்? பில் பணத்துக்கு. லேப் டிப் எனும் சாய மாதிரித் துண்டுகளில் எது சரி என்று காலத்தோடு சொல்வதற்கு. எடைத் தகராறு வந்தால் நியாயமாக நடந்துகொள்வோம் என்ற நம்பிக்கைக்கு. நம் திட்டப் பலகைகளில் முதல் அம்புகள் எல்லாம் இருக்கின்றன, தேதியோடு. திரும்பி வரும் அம்புகளில் ஒன்றுகூட இல்லை. ரிப் நின்றது அந்தத் திரும்பும் அம்பில்தான்.

இன்னோர் உதாரணம், இது நிறுவனத்துக்குள்ளேயே நடப்பது. சராசரியாகத் தளத்தில் இருக்கும் பீஸ்களின் எண்ணிக்கையை, ஒரு நாளில் வெளியேறும் பீஸ்களால் வகுத்தால், ஒரு பீஸ் உள்ளே எத்தனை நாள் கிடக்கிறது என்பது கிடைக்கும். இதை 1961-இல் ஜான் லிட்டில் கணித முறைப்படி நிறுவினார். உங்கள் தளத்தில் வெட்டிய பீஸ்கள் 24,000 இருக்கின்றன, ஒரு நாளில் 3,000 தைத்து வெளியேறுகின்றன என்று வைத்துக்கொள்வோம். எட்டு நாள். ஒரு சாதாரண டி-ஷர்ட்டைத் தைக்கச் சில நிமிடம்தான் ஆகும். மீதி நேரமெல்லாம் அது மூட்டையில் கிடக்கிறது. லீன் பயிற்சியாளர் வந்தால் ‘குவியலைக் குறையுங்கள்’ என்பார். குறைப்பீர்கள். அடுத்த மாதம் அதே உயரத்துக்குக் குவிந்திருக்கும்.

ஏன் என்று கேட்டால் பதில் கட்டிங் மேசையில் இல்லை. கட்டிங் மாஸ்டரிடம் மாலையில் நாம் கேட்கும் ஒரே கேள்வி, “இன்று எத்தனை பீஸ் வெட்டினீர்கள்?” என்பது. ரிப் வந்ததா, எந்த அளவு தையலுக்கு முதலில் தேவை என்று அவரை எவரும் கேட்பதில்லை. அதனால் கையில் இருக்கும் துணியை வெட்டித் தள்ளுகிறார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையே செய்வேன். அவர் யாருக்குப் பதில் சொல்கிறார், எந்த எண்ணுக்குப் பதில் சொல்கிறார் என்பது அமைப்பு சார்ந்த விஷயம். அதைத் தொடாமல் செயல்முறையை மட்டும் திருத்தினால் குவியல் திரும்பி வந்தே தீரும். கட்டிங்கையும் தையலையும் ஒரே எண்ணுக்குப் பொறுப்பாக்கி, தையலுக்கு அடுத்த இரண்டு நாள் தேவையானதை மட்டும் முழு செட்டாக வெட்டச் சொல்லிப் பாருங்கள். அதற்குப் பிறகு லீன் கருவிகளைப் பயன்படுத்துங்கள். அவை தங்கும்.

2011 ஜனவரியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்தது பற்றிய வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் இட்ட உத்தரவால் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. அந்த ஆற்றுக்கும், அதை நம்பிய விவசாயிகளுக்கும் நாம் செய்ததற்கு வந்த தீர்ப்பு அது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. இந்த மடலுக்குத் தொடர்புள்ளது அதன் பின் நடந்தது. நிட்டிங் நின்றது, தையல் நின்றது, அட்டைப்பெட்டி செய்கிறவருக்கு வேலை இல்லை, வெளியூர்த் தொழிலாளர்கள் மூட்டை கட்டினார்கள். யார் யாரைச் சார்ந்திருக்கிறோம் என்ற படத்தை அந்த மாதங்களில் ஊரே கண்ணால் பார்த்தது. பிறகு கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியேற்றாத முறைக்கு மாறினோம், தொழில் மீண்டது. ஆனால் அந்தப் படத்தை யாரும் தாளில் வரைந்து வைக்கவில்லை. சுத்திகரிப்பின் செலவு பட்டறைக்காரரின் தலையில் ஏறியபோது அவருக்குப் பணம் எப்போது கைக்கு வருகிறது என்பது முன்பைவிடப் பல மடங்கு முக்கியமானது. நம் பில் போடும் முறையோ 2011-க்கு முன் இருந்தபடியே இருக்கிறது.

டொயோட்டாவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் தேவைக்கேற்பச் சரக்கு கேட்கும் கான்பன் அட்டையையும், தொடர் மேம்பாட்டுக்கான கைசன் பலகையையும் மட்டும் பேசுகிறோம். 1997 பிப்ரவரி 1-ஆம் தேதி நடந்ததையும் பேச வேண்டும். அன்று விடியற்காலையில் ஐசின் நிறுவனத்தின் காரியா தொழிற்சாலை எரிந்துபோனது. டொயோட்டா கார்களின் பிரேக்கில் சேரும் ஒரு சிறிய வால்வு ஏறக்குறைய முழுவதும் அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. சரக்கை அளவாக வாங்கும் முறை என்பதால் கையிருப்பு சில மணி நேரத்துக்குத்தான். ஜப்பானில் டொயோட்டாவின் ஆலைகள் அநேகமாக எல்லாமே நின்றன. ஆனால் ஏறத்தாழ ஒரு வாரத்தில் மீண்டும் ஓடின. ஐசின் தன் வரைபடங்களை மற்றவர்களுக்குக் கொடுத்தது. அந்த வால்வை அதுவரை செய்தேயிராத பட்டறைகள் செய்து கொடுத்தன. அவற்றில் ஒன்று, நம் தளங்களில் தையல் மெஷின்களாக நிற்கிறதே, அந்த பிரதர் நிறுவனம். விலை என்ன, எப்போது பணம் என்று அவர்கள் முதலில் பேரம் பேசவில்லை. பணம் வரும், நியாயமாக வரும் என்பது அவர்களுக்குத் தெரியும். பல பத்தாண்டுகள் கட்டிய உறவு அது. டொயோட்டாவின் செயல்முறை அந்த உறவின் மேல் நிற்கிறது. நாம் மேல்மாடியை மட்டும் வாங்கி வந்து நம் தளத்தில் வைக்கப் பார்க்கிறோம்.

செய்ய வேண்டியது சிரமமான காரியம் இல்லை. இப்போதுதான் ஷிப்மெண்ட் போன ஓர் ஆர்டரை எடுங்கள். கட்டிங் மேசையில் விரிக்கும் மார்க்கர் தாள் இரண்டு போதும். முதல் தாளில், ஆர்டர் உறுதியான நாள் முதல் பெட்டி ஏறிய நாள் வரை நாள்களை மேலே எழுதுங்கள். இடப்பக்கம் பிரிவுகளின் பெயரை எழுதாமல் மனிதர்களின் பெயரை எழுதுங்கள். நிட்டிங்காரர், பட்டறைக்காரர், பிரிண்டிங்காரர், உங்கள் மெர்ச்சண்டைசர், கணக்காளர், நீங்கள். துணியும் தகவலும் கை மாறிய நாளைக் குறியுங்கள். டெலிவரி செலான்களையும் போனில் உள்ள செய்திகளையும் பார்த்துக் குறியுங்கள். நினைவிலிருந்து சொல்லாதீர்கள், நினைவு எப்போதும் நாள்களைக் குறைத்தே சொல்லும். இரண்டாம் தாளில் வரிசை வேண்டாம், தேதி வேண்டாம். அதே பெயர்களைச் சிதறலாக எழுதி, யார் யாரிடம் எதற்குக் காத்திருக்கிறார் என்று இரு திசையிலும் அம்பு போடுங்கள். பிறகு முதல் தாளில் காத்திருப்பு நீளமாக இருக்கும் இடத்துக்கு விரலை வைத்து, இரண்டாம் தாளில் அந்த இருவருக்கும் நடுவே எந்த அம்பு அறுந்திருக்கிறது என்று பாருங்கள். மேம்பாட்டை அங்கே தொடங்குங்கள்.

“இதெல்லாம் எனக்குத் தெரியும், படம் எதற்கு?” என்று உங்களில் மூத்தவர்கள் கேட்பீர்கள். உண்மை, உங்களுக்குத் தெரியும். சிங்கர் மெஷினில் உட்கார்ந்து தைத்து, சைக்கிளில் துணி சுமந்து, பட்டறை பட்டறையாக அலைந்து கட்டிய தொழில் இது. அந்தப் படம் உங்கள் தலைக்குள் முழுமையாக இருக்கிறது, எந்த நிபுணர் வரைவதையும்விடத் துல்லியமாக. ஆனால் அது உங்கள் தலைக்குள் மட்டும் இருக்கிறது. நாற்பது மெஷின் இருந்த நாளில் அது போதும். இன்று மூன்று யூனிட், முப்பது நாற்பது ஜாப் ஒர்க்காரர்கள், இரண்டு பையிங் ஆபீஸ். நீங்கள் விமானத்தில் இருக்கும் பத்து மணி நேரம் அந்தப் படம் திருப்பூரில் இல்லை. உங்கள் மகனோ மகளோ படித்துவிட்டு வந்து நிர்வாகத்தில் உட்காரும்போது அவர்கள் கையில் கிடைப்பது சுவரில் தொங்கும் பெட்டிப் படம்தான். அவர்கள் தடுமாறுவதை நீங்கள் திறமைக் குறைவு என்று நினைக்கிறீர்கள். அது நியாயமில்லை.

மென்பொருள் வாங்கிவிட்டோம், அது பார்த்துக்கொள்ளும் என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நான் பார்த்த இடங்களில், மென்பொருள் பொருத்த வந்தவர் ‘இதற்கு ஒப்புதல் யார்?’ என்று ஒவ்வொரு திரைக்கும் கேட்டார், ஒவ்வொன்றுக்கும் ‘எம்.டி.’ என்று பதில் வந்தது. முன்பு மேசையில் காத்திருந்த காகிதங்கள் இப்போது உங்கள் கைப்பேசியில் காத்திருக்கின்றன. எவ்வளவு தொகை வரை, எவ்வளவு எடைக் குறைவு வரை யார் முடிவெடுக்கலாம் என்று முதலில் தாளில் தீர்மானியுங்கள். மென்பொருள் அதற்குப் பிறகு.

இதில் எனக்கு மிகவும் வலிப்பது ஒன்று இருக்கிறது. பீஸ் ரேட்டில் தைக்கும் பெண்கள். துணி வராத நாளில் அவர்களுக்குக் கூலி இல்லை. துணி வந்த நாளில் ஒன்றரை ஷிப்டு, சில நேரம் விடிய விடிய. நம் காத்திருப்பின் விலையை முதலில் கட்டுகிறவர்கள் அவர்கள். விமானச் செலவு நம் கணக்கில் ஏறுவது அதற்குப் பிறகு. எடைத் தகராறுக் குறிப்பு ஒரு மேசையில் நான்கு நாள் கிடந்ததற்கும், ஒரு தாய் இரவு பதினொரு மணிக்கு நிறுவன வேனில் வீடு திரும்பியதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. இரண்டாம் தாளில் அவர்களுடைய பெயரையும் எழுதுங்கள். அவர்கள் நம்மிடம் எதற்குச் சார்ந்திருக்கிறார்கள் என்ற அம்பையும் போடுங்கள். இந்த வேலையால் நேரம் மிச்சமானால் அதை ஆள் குறைக்கப் பயன்படுத்த மாட்டோம் என்று தொடங்கும் முன்பே அவர்களிடம் சொல்லுங்கள், சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் அடுத்த முறை எவரும் உண்மையான நேரத்தைச் சொல்ல மாட்டார்கள்.

சங்கப் பொறுப்பாளர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்கான லீன் திட்டத்தை ஒன்றிய அரசு 2023 மார்ச்சில் புதுப்பித்தது. ஆலோசனைக்கும் வழிகாட்டலுக்கும் ஆகும் செலவில் 90 விழுக்காட்டை அரசே ஏற்கும் என்று அப்போது அறிவித்தது. நல்ல திட்டம், பயன்படுத்திக்கொள்ள வேண்டும். ஆனால் கூட்டத்துக்கு அழைக்கும்போது பத்துத் தையல் நிறுவனங்களை ஒன்றாக உட்கார வைக்கிறோம். பத்துப் பேருக்கும் ஒரே குறை, பத்துப் பேரும் சாயப்பட்டறையைக் குற்றம் சொல்லிவிட்டுக் கலைவார்கள். அதற்குப் பதில் ஒரே ஆர்டரின் பாதையில் இருக்கும் ஆறு பேரை அழையுங்கள்: ஒரு நிட்டிங், ஒரு சாயப்பட்டறை, ஒரு காம்பாக்டிங், ஒரு பிரிண்டிங், ஒரு தையல், ஒரு ஏற்றுமதியாளர். ஆறு பேரும் தனித்தனியே விண்ணப்பித்திருந்தாலும் ஒரே ஆலோசகரிடம், ஒரே படத்தோடு வேலையைத் தொடங்கட்டும்.

பணம் தரும் காலத்தைப் பற்றிச் சட்டம் ஏற்கெனவே பேசிவிட்டது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி குறு, சிறு நிறுவனங்களுக்கு, ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல், அந்தக் காலம் தாண்டியும் தராத தொகையை, தரும்வரை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. இதைப் பலர் ஆடிட்டருடைய தொல்லையாகப் பார்க்கிறார்கள். இதையே உற்பத்தித் திட்டத்தின் ஒரு பகுதியாகப் பாருங்கள். ஷிப்மெண்ட் தேதிகள் எழுதிய பலகையிலேயே, எந்தப் பட்டறைக்கு எந்த நாளில் பணம் என்பதையும் எழுதுங்கள். மெர்ச்சண்டைசர் கண்ணில் அது தினமும் படட்டும். எடைத் தகராறு வந்தால், தகராறு இல்லாத தொகையை உடனே விட்டுவிட்டு மீதியைப் பேசுங்கள்.

அடுத்த சீசன் ஆர்டர்களில் ஒன்றே ஒன்றை இதற்கென்று ஒதுக்குங்கள். நூல் வாங்கும் முன் ஒரு சனிக்கிழமை மாலை, அந்த ஆர்டரைத் தொடப்போகும் எல்லோரையும் உங்கள் அலுவலகத்துக்குக் கூப்பிடுங்கள். வெறும் தாளை விரித்து வையுங்கள். கணக்காளருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள், சாயப்பட்டறைக்காரரின் பக்கத்தில். அழைத்தால் நானும் வருகிறேன். இதற்குக் கட்டணம் வாங்க மாட்டேன்.

அன்புடனும் அக்கறையுடனும்,
உங்கள் தளங்களில் வேலை கற்றுக்கொண்ட ஒரு தொழிற்பொறியாளர்